குமிழும் திரையும்: டெல்டா சாலையில் இரண்டு டேஷ்போர்டுகள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 12 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுகிறோம். பழைய பாலங்களை நெருங்கும்போது சாலை வளையும், ஏறும், ஒடுங்கும். தை, மாசியில் சம்பா அறுவடை ஓடும்போது சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். மேலே வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கருங்கல் அடுக்கியிருப்பார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகும் அந்தக் கல் அங்கேயே கிடக்கும். கேஜ் வீலோடு வரும் டிராக்டர், லாரிமேல் ஏற்றிய கதிர் அறுக்கும் இயந்திரம், அறுத்த வயலிலிருந்து அடுத்த வயலுக்குச் சாலையைக் கடக்கிற வாத்துக் கூட்டம், பின்விளக்கு எரியாத டிப்பர் எல்லாம் அதே சாலையில்தான்.

இப்படிப்பட்ட சாலையில் ஓட்டுகிறவர் பாட்டுச் சத்தத்தைக் குறைக்க வேண்டும், ஏசி காற்றைத் திருப்பிவிட வேண்டும், மழையில் மங்கிய கண்ணாடியைத் தெளிவாக்க வேண்டும். அதற்கு அவர் எவ்வளவு நேரம் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது? இரண்டு டேஷ்போர்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். ஒன்று, நெடுங்காலம் இந்த ஊர்களின் டாக்சி ஸ்டாண்டுகளில் நின்ற அம்பாசடருடையது. மற்றது, இன்று ஷோரூமில் பத்து அங்குலத் திரையோடு நிற்கிற காருடையது. எந்தக் கம்பெனி என்பது இங்கே பெரிய விஷயமில்லை. பெரும்பாலும் எல்லாருமே அந்தத் திசையில்தான் போயிருக்கிறார்கள்.

அம்பாசடர் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையை அடியொற்றி வந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1950களின் கடைசியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. அதன் பழைய மாடல்களில் ஓட்டுநர் கையாள வேண்டிய சாமான்கள் மிகக் குறைவு. கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழேயே நீட்டிக்கொண்டிருக்கும். சோக்குக்கு இழுக்கிற குமிழ். விளக்குக்கும் வைப்பருக்கும் தனித்தனிச் சுவிட்சு. எதிரே வண்டி வந்தால் டிம் அடிப்பதற்கான பொத்தான் தரையில், கிளட்சுக்கு இடப்பக்கம் இருந்தது. இடது காலால் ஒரு மிதி மிதித்தால் போதும்.

அந்தக் கால் பொத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்றைய கண்ணுக்கு அது விசித்திரமாகத் தெரியும். ஆனால் கல்லணையிலிருந்து பூம்புகாருக்குப் போகும் சாலையில் இரவில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒருபக்கம் ஆற்றின் சரிவு, மறுபக்கம் சாலையைவிடத் தாழ்ந்த வயல். எதிரே லாரி வருகிறது. அந்த நேரத்தில் ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில். மிச்சமிருப்பது இடது கால்தான். அதற்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். மனிதனின் எந்த உறுப்பு எந்த நேரத்தில் சும்மா இருக்கிறது என்று பார்த்துச் செய்த ஏற்பாடு அது. பிறகு அந்த வேலை ஸ்டியரிங் பக்கத்துக் கம்பிக்கு மாறியது. அதுவும் நல்ல மாற்றம்தான். கை ஸ்டியரிங்கை விடாமலே விரலால் தட்ட முடிகிறது.

பாட்டுப் பெட்டி அந்தக் கார்களோடு பெரும்பாலும் கூட வந்ததில்லை. தனியாக வாங்கி ஒர்க்‌ஷாப்பில் மாட்டுவார்கள். ஆரம்பத்தில் ரேடியோ, இடப்பக்கம் ஒரு குமிழ், வலப்பக்கம் ஒரு குமிழ், நடுவில் நிலையங்களுக்கு ஐந்து பொத்தான்கள். இடது குமிழைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டு ரேடியோ உயிர்பெறும், இன்னும் திருகினால் சத்தம் கூடும். வலது குமிழால் நிலையம் தேடலாம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டைக் கொண்டுவந்தது. காருக்கான கேசட் பிளேயர் 1968-இல் வந்தது. எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பிய டெல்டாக்காரர்களின் பெட்டியில் ஒரு ‘ஃபாரின் செட்டு’ இருந்தது என்றால் யாரும் ஆச்சரியப்பட்டதில்லை. ரேடியோ இருந்த அதே துவாரத்தில் அது உட்கார்ந்தது. நடுவில் கேசட் வாய் வந்ததே தவிர, இரண்டு குமிழ்களும் அதே இடத்தில்தான் இருந்தன. ரேடியோவில் பழகிய கைக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

இப்போது திரை. தொட்டால் வேலை செய்கிற இந்தக் கண்ணாடி விரலின் அழுத்தத்தை அறிவதில்லை. விரல் படுகிற இடத்தில் மின்புலம் மாறுவதை மட்டும் அறிகிறது. இதிலிருந்து கிளைக்கிற ஒரு வித்தியாசம்தான் இந்த ஒப்பாய்வின் மையம் என்று நினைக்கிறேன். குமிழின்மேல் கையை வைத்துக்கொண்டே இருக்கலாம். கை வைத்ததால் எதுவும் நடந்துவிடாது, திருகினால்தான் நடக்கும். அதனால் கை முதலில் குமிழைத் தேடிப் பிடிக்கும், இதுதான் என்று உறுதி செய்துகொள்ளும், பிறகு திருகும். இந்த மூன்றுக்கும் கண் வேண்டாம். திரையில் தேடுவதற்கும் செய்வதற்கும் நடுவே இடைவெளியே கிடையாது. தொட்ட இடத்தில் ஏதோ ஒன்று நடந்துவிடும். ஆகவே தொடுவதற்கு முன்பே கண் பார்த்தாக வேண்டும்; தொட்ட பிறகு நினைத்தது நடந்ததா என்று இன்னொரு முறை பார்த்தாக வேண்டும்.

மேடு பள்ளமான ஊராட்சிச் சாலையில் இது இன்னும் கூர்மையாகிறது. நீட்டிய கை அந்தரத்தில் ஆடும். ஏசி என்று குறிவைத்த விரல் பக்கத்திலிருக்கிற படத்தில் போய் விழும். பலரும் கட்டைவிரலைத் திரையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு ஆள்காட்டி விரலால் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் கை தானே தனக்கு ஒரு பிடிமானம் தேடிக்கொள்கிறது. சித்திரை வெயில் நேராகத் திரையில் விழுந்தால் எழுத்தே தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பழைய கார் மேலுள்ள பாசத்தில் சொல்வது என்று தோன்றலாம். அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சுவீடனின் ‘வி பில்எகாரே’ என்ற கார் இதழ் 2022-இல் ஒரு சோதனை நடத்தியது. திரை வைத்த பதினொரு புதிய கார்களையும், பொத்தான்களும் குமிழ்களும் கொண்ட 2005-ஆம் ஆண்டு வோல்வோ வி70 ஒன்றையும் விமான ஓடுதளத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் செய்தார்கள். ஓட்டுகிறவர்களுக்கு முன்கூட்டியே காரைப் பழகிக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள். ரேடியோவை இயக்கிக் குறிப்பிட்ட நிலையத்துக்கு மாற்றுவது, வெப்பநிலையை இரண்டு டிகிரி கூட்டிக் கண்ணாடி மூட்டத்தை நீக்குவது முதலிய நான்கு வேலைகள். பழைய வோல்வோவில் நான்கும் முடிய 10 விநாடி. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. சோதனையில் கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் 44.9 விநாடி, 1,372 மீட்டர்.

அந்தச் சோதனையில் இன்னொரு தகவலும் உண்டு. அதை விட்டுவிட்டுப் பேசினால் நியாயமாகாது. திரை வைத்த எல்லாக் கார்களும் மோசமாக நடந்துகொள்ளவில்லை. டாசியா சாண்டேரோவும் வோல்வோ சி40-யும் 14 விநாடிக்குள் முடித்துவிட்டன. எதைத் திரைக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது, திரையின் முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று யோசித்தவர்களுக்கும் யோசிக்காதவர்களுக்கும் இடையிலுள்ள தூரம் அது.

பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வகமான டிஆர்எல் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருவது. சிமுலேட்டரில் ஓட்டவைத்துப் பார்த்தபோது, ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் தொட்டு இயக்கியவர்களின் எதிர்வினை 53 சதவீதமும், ஆப்பிள் கார்ப்ளேயைத் தொட்டு இயக்கியவர்களின் எதிர்வினை 57 சதவீதமும் தாமதமாயிற்று. பிரிட்டனின் சட்ட வரம்பு அளவுக்கு மது அருந்தியவரிடம் காணும் தாமதம் 12 சதவீதம். குரலால் கட்டளையிட்டபோதும் தாமதம் 30 சதவீதத்துக்குக் குறையவில்லை. குரல் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். நம்மூருக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. திருக்காட்டுப்பள்ளி, திருக்கருகாவூர், திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர் என்று வரிசையாக வருகிற பெயர்களை இயந்திரம் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வதில்லை. இரண்டாம் தடவை சொல்லும்போது ஓட்டுகிறவர் காருக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறார், சாலையில் இல்லை.

இந்த எண்களை நம் சாலைக்குக் கொண்டுவருவோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் கார் விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2013-இல் வகுத்த வழிகாட்டுதல், ஒரு பார்வை இரண்டு விநாடிக்கு மேல் சாலையைவிட்டு விலகக்கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் 12 விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்கிறது. இரண்டு விநாடி என்றால் 33 மீட்டர். நெல் காயும் சாலையில் 33 மீட்டருக்குள் ஒரு கல் வரிசை தொடங்கி முடிந்துவிடும். 2017-இல் யூட்டா பல்கலைக்கழகத்தார் அமெரிக்க வாகன சங்கத்தின் அறக்கட்டளைக்காக முப்பது புதிய கார்களைச் சோதித்தபோது, வழிகாட்டியில் ஊர்ப் பெயரை உள்ளிட மட்டும் சராசரியாக 40 விநாடி ஆனது. ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகப் போகிறோம் என்றே வைத்துக்கொண்டாலும் அது 440 மீட்டருக்கு மேல். பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நிற்கிற டிராக்டர் வரிசை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

வானொலிக்கு வருகிறேன். காரின் பாட்டுப் பெட்டி என்றால் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைக்கிறவர்கள் தஞ்சையின் கதையை அறிய வேண்டும். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. டெல்டாவின் கிராமங்களுக்கு அதன் குரல் வீட்டுக் குரல்போல. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற ரகத்தை வெளியிட்டபோது, அதை எப்படி விதைப்பது, எப்போது உரமிடுவது என்று திருச்சி வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. வானொலி கேட்டே உழவர்கள் அந்த நெல்லை எடுத்துக்கொண்டார்கள். ‘ரேடியோ நெல்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. காதால் கேட்டு வயலில் செய்துபார்த்த ஊர் இது. ஒவ்வொரு தை மாதவாக்கில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடும்போது, நேரில் போக முடியாதவர்கள் வானொலி நேரடி ஒலிபரப்பில் கேட்டுக்கொண்டே வழியில் போய்க்கொண்டிருப்பார்கள்.

பழைய பெட்டியில் அந்த நிலையத்துக்கு ஒரு பொத்தான் ஒதுக்கி வைத்துவிட்டால் ஆயுளுக்கும் அதே பொத்தான்தான். இன்றைய பல கார்களில் வானொலியைக் கேட்க முதலில் திரையின் முகப்புப் பக்கத்துக்குப் போக வேண்டும், பிறகு ‘மீடியா’, அதற்குள் ‘சோர்ஸ்’, அதற்குள் எஃப்எம், அதற்கப்புறம் நிலையம். போன் இணைந்திருந்தால் வழிகாட்டிப் படம் திரையை முழுக்க அடைத்துக்கொண்டு வானொலியைப் பின்னால் தள்ளிவிடும். திருச்சி ரெயின்போ 102.1, காரைக்கால் பண்பலை 100.3 ஆகியவற்றை வண்டி நின்றிருக்கும்போதே பிடித்துச் சேமித்து வைத்துக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். ஓடும்போது தேடுகிறவர்கள் பாலத்தில் ஏறிய பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது டெல்டாவின் தென்பகுதியில் மின்கம்பங்களோடு செல்போன் கோபுரங்களும் முடங்கின. இணையத்தின் வழியே வருகிற பாட்டும் செய்தியும் கோபுரம் நின்றால் நின்றுவிடும். வானொலி அலைக்கு ஊரில் கோபுரம் வேண்டாம். எங்கோ தூரத்தில் ஒரு நிலையமும் காரில் ஒரு ஏரியலும் பேட்டரியும் போதும். வங்கக் கடல் புயல் ஆண்டுதோறும் எட்டிப் பார்க்கிற கடலோர ஜில்லாக்களில் கார் ரேடியோவை ஐந்தாவது அடுக்கில் ஒளித்துவைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஓசையின் தரத்தில் மட்டும் புதிய கார் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. அம்பாசடரில் பெரும்பாலும் பின்சீட்டுக்குப் பின்னாலுள்ள பலகையில் இரண்டு ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். பாட்டு முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். இஞ்சின் சத்தமும் திறந்த ஜன்னலின் காற்றும் முன்னாலிருந்து வரும். இரண்டும் ஓட்டுநரின் காதில் சண்டை போடும். தூசு புகுந்துவிட்டால் வால்யூம் குமிழைத் திருகும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். நாடா சுற்றிக்கொண்டால் பென்சிலை எடுக்க வேண்டும். ஓடும் வண்டியில் கேசட்டைத் தேடிக் கையை நீட்டியவர்களும் சாலையைப் பார்க்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. புதிய காரில் நாலு கதவிலும் ஸ்பீக்கர், மூடிய கண்ணாடி, வேகம் கூடும்போது தானாகவே கூடுகிற வால்யூம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய தோடிப் பதிவைக்கூட அதில் வேறு தெளிவோடு கேட்க முடிகிறது.

ஆனால் நாகஸ்வரமும் தவிலும் பிறந்த மண்ணில் ‘பாஸ் பூஸ்ட்’ என்று ஒன்றைத் தட்டிவிட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குச் சம்மதமில்லை. தவிலின் வலந்தலையை வித்துவான் விரல்களில் கூடு மாட்டி வாசிக்கிறார். இடப்பக்கத் தொப்பியைக் கழியால் அடிக்கிறார். வலந்தலையின் கூர்மையும் தொப்பியின் கனமும் எதிரெதிராக நிற்பதில்தான் அந்த வாத்தியத்தின் உயிர். பாஸைத் தூக்கிவிட்டால் தொப்பி வீங்கி வலந்தலையை விழுங்கிவிடும். நாகஸ்வரம் எங்கோ பக்கத்துத் தெருவில் ஒலிப்பதுபோல ஆகிவிடும். பழைய பெட்டியில் பாஸுக்கும் டிரெபிளுக்கும் இரண்டு குமிழ்தான். வழியில் ஒரு திருப்புத் திருப்பிக் காதுக்குச் சரி என்று பட்டதும் நிறுத்துவார்கள். புதியதில் ஏழெட்டுக் கோடுகள் கொண்ட ஈக்வலைசர் இருக்கிறது. அதை ஓட்டும்போது தொடவே கூடாது. வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போது எல்லாக் கோடுகளையும் சமமாக வைத்து, ஓசையின் மையத்தை முன்சீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு தவில் தனியாவர்த்தனம் கேட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். பிறகு அதன் பக்கம் போக வேண்டிய தேவையே வராது. வால்யூமைப் பொறுத்தவரை, பின்னால் வருகிற தனியார் பேருந்தின் ஹாரன் காதில் விழுகிற அளவுதான் அளவு.

டெல்டாவில் கார் வைத்திருக்கிற பல வீடுகளில் தினமும் ஓட்ட ஆள் கிடையாது. கல்யாணம், நவக்கிரகக் கோயில் சுற்று, திருச்சி விமான நிலையத்துக்கு விடியற்காலையில் சிங்கப்பூர் பிள்ளையை அழைத்துவருவது என்று தேவைப்படும்போது ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுகிறார்கள். இன்றைக்கு ஒரு கார், நாளைக்கு வேறொரு கார். இந்த ஒப்பாய்வில் அதிகம் பாதிக்கப்படுகிறவர் அவர்தான், அவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அம்பாசடர் காலத்தில் ஓர் அம்பாசடரை ஓட்டத் தெரிந்தால் ஊரிலுள்ள எல்லா அம்பாசடரையும் ஓட்டத் தெரியும். பத்மினி காரில் ஏறினால்கூடச் சில நிமிஷத்தில் கை பழகிவிடும். இன்று ஒவ்வொரு கம்பெனியும் திரைக்குள் வேறு வேறு வீடு கட்டியிருக்கிறது. ஒன்றில் ஏசி கீழே, இன்னொன்றில் பக்கவாட்டில், மற்றொன்றில் இரண்டு பக்கம் தள்ளி. சாஃப்ட்வேர் புதுப்பித்தால் நேற்று இருந்த இடம் இன்று மாறியும் போகலாம். “அண்ணே, ஏசியைக் கொஞ்சம் குறைங்க” என்று பின்சீட்டிலிருந்து குரல் வருகிறது. இரவு இரண்டு மணி, முன்பின் தெரியாத திரை, துவாக்குடி தாண்டி எண்பதில் போய்க்கொண்டிருக்கிற வண்டி. அவர் என்ன செய்வார்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதே கேள்வி வேறு வடிவில் வரும். உள்ளே நாலு பேர் மூச்சுவிட, வெளியே அடைமழை. முன்கண்ணாடி ஒரு நொடியில் மங்கும். அந்த நேரத்தில் காற்றை மேலே திருப்புவதற்குக் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு பொத்தான் இருக்க வேண்டும். அதைத் திரைக்குள் இரண்டு பக்கம் தள்ளி வைத்தவர்கள் மழையில் ஓட்டிப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

திரையால் கிடைத்த நன்மைகளை மறுக்க எனக்கு மனமில்லை. கும்பகோணத்துச் சந்துகளில் பின்னால் எடுக்கும்போது கேமரா காட்டுகிற படம் குழந்தைகளின் உயிரைக் காக்கிறது. புதிய கார்களில் பின்புற உணர்கருவி 2019 ஜூலை முதல் கட்டாயம். அதன் எச்சரிக்கையோடு கேமரா காட்டும் படமும் சேர்ந்தால் பின்னால் எடுப்பது எளிதாகிறது. வழிகாட்டிப் படம் பெரிதாக, கண் மட்டத்துக்கு அருகில் இருப்பது, மடியில் போனை வைத்துக் குனிந்து பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் குறைக்கத் திரை உதவியிருக்கிறது என்றே நம்புகிறேன். இந்த வேலைகளையெல்லாம் அம்பாசடரின் எந்தக் குமிழாலும் செய்ய முடியாது.

கவனித்தால், இவை எல்லாம் பார்க்கிற வேலைகள். படத்தைக் காட்டுவதற்குத் திரையைவிடச் சிறந்தது எதுவுமில்லை. கை செய்ய வேண்டிய வேலையையும் அதே கண்ணாடிக்குள் திணித்ததில்தான் கோளாறு. ஏன் திணித்தார்கள்? ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அச்சு, ஒரு சுவிட்சு, ஒரு வயர் வேண்டும். திரையில் இன்னொரு பொத்தான் வரைவதற்கு அவை வேண்டாம். ஷோரூமில் நின்று பார்க்கிறவருக்கும் வெறுமையான டேஷ்போர்டும் பெரிய திரையும் விலை உயர்ந்ததாகத் தெரிகிறது. நின்ற காரில் எந்தத் திரையும் குறை சொல்ல முடியாதபடிதான் இருக்கும்.

1986-லேயே அமெரிக்காவின் பியூக் ரிவியேரா காரில் ரேடியோவையும் ஏசியையும் தொடுதிரைக்குள் வைத்துப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் சலித்துக்கொண்டார்கள், சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். 2012-இல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்த பிறகு உலகம் முழுக்க அதே ஆசை திரும்பவும் பற்றிக்கொண்டது. கடலிலும் ஒரு பாடம் கிடைத்தது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதிப் பத்து மாலுமிகள் இறந்தனர். கப்பலைச் செலுத்தும் கட்டுப்பாடு தொடுதிரையில் இருந்ததும் அதில் ஏற்பட்ட குழப்பமும் காரணங்களில் சேர்ந்தன. 2019-இல் அமெரிக்கக் கடற்படை வேகக் கட்டுப்பாட்டைத் திரையிலிருந்து எடுத்துக் கையால் தள்ளும் நெம்புகோலுக்குத் திரும்ப முடிவெடுத்தது.

கார் கம்பெனிகளும் இப்போது திரும்பிவரத் தொடங்கியிருக்கின்றன. மாஸ்டா 2019-இலேயே ஓடும்போது தொடுதலை ஒதுக்கிவிட்டுச் சுழல் குமிழுக்கு முக்கியத்துவம் கொடுத்தது. ஃபோக்ஸ்வாகன், அடிக்கடி வேண்டியவற்றுக்குப் பொத்தானைத் திரும்பக் கொண்டுவருவதாக வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்பு மதிப்பீடு 2026 ஜனவரி முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டறியக்கூடிய கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண் தருகிறது. நம் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பெரியவர்களின் பாதுகாப்பு, குழந்தைகளின் பாதுகாப்பு, உதவித் தொழில்நுட்பங்கள் என்று மூன்றைப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறது. மோதிய பின் உயிர் பிழைப்பதற்கு மதிப்பெண் தருவது அவசியம். மோதாமலிருக்க ஓட்டுநரின் கண்ணைச் சாலையில் வைத்திருக்கிற டேஷ்போர்டுக்கும் அங்கே மதிப்பெண் வேண்டும். யூரோ பட்டியலோடு கண்ணாடி மூட்டம் நீக்குவதையும் வால்யூமையும் சேர்த்துவிட்டால் நம் பருவமழைக்கும் நம் சாலைக்கும் பொருந்தும்.

என் தீர்ப்பு இதுதான். ஓடும்போது தேவைப்படுகிற எதுவும் குமிழாகவோ பொத்தானாகவோ இருக்க வேண்டும்: வால்யூம், ஏசி, மூட்டம் நீக்கி, வைப்பர், விளக்கு. நிற்கும்போது செய்கிறவையும், பார்க்க மட்டுமே செய்கிறவையும் திரைக்குப் போகட்டும்: வழி, கேமரா, ஈக்வலைசர், போன் இணைப்பு. ஓசையிலும் பார்வையிலும் புதிய கார் ஜெயிக்கிறது. கைக்குக் கட்டுப்படுவதில் அம்பாசடரின் டேஷ்போர்டு ஜெயிக்கிறது, அதுவும் சின்ன வித்தியாசத்தில் இல்லை.

ஏற்கெனவே திரைக் கார் வைத்திருக்கிறவர்கள் ஸ்டியரிங்கிலுள்ள பொத்தான்களை ஒரு மாலை உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள்; வால்யூமும் மியூட்டும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஊர்ப் பெயரை வாசலிலேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆக்டிங் டிரைவர் வந்தால் சாவியைக் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஏசியும் கண்ணாடி மூட்டமும் எங்கே என்று ஒரு நிமிஷம் காட்டிக்கொடுங்கள். முன்சீட்டில் இன்னொருவர் இருந்தால் திரை அவர் பொறுப்பு. புதிதாக வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வால்யூமைக் குறைத்துப் பாருங்கள், மூட்டம் நீக்கியைப் போட்டுப் பாருங்கள். கை கண்டுபிடிக்கவில்லை என்றால் அந்தக் காரை வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதையும் விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.